வாடாமல்லி விதை முளைக்கவில்லையா? பஞ்சைப் பாருங்கள்

தெருவோரத்தில் தானாக முளைக்கிற செடிக்கு ஒரு பதிவா என்று தோன்றலாம். எனக்கு இரண்டு ஆண்டுகள் முளைக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை மாலையில் இருந்த வாடாமல்லிகளை உதிர்த்துத் தொட்டியில் தூவினேன். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியதில் கோரைதான் வந்தது. அடுத்த ஆண்டும் அதே கதை. காரணம் பிறகுதான் புரிந்தது. மாலைக்குப் பறிக்கும் பூவில் நிறம் இருக்கும், விதை முற்றியிருக்காது. நாம் பூ என்று சொல்லும் அந்த ஊதாச் சருகெல்லாம் வெறும் பூவடிச்செதில். அதனால்தான் காய்ந்தாலும் நிறம் போவதில்லை. நிஜப் பூ அதன் இடுக்கில் எட்டிப் பார்க்கும் வெண்புள்ளி. அது முடிந்து, விதை முற்றச் சில வாரங்கள் ஆகும்.

ஆகவே விதைக்கென்று நாலு பூவைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். உருண்டை நீண்டு, அடிப்பக்கம் வைக்கோல் நிறமானதும் பறிக்கலாம். ஒரு செதிலைப் பிய்த்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் விதை இருக்கிறது: கிட்டத்தட்ட கடுகளவு, பழுப்பு, பளபளப்பு. ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அது சொத்தை.

அடுத்த சிக்கல் அந்தப் பஞ்சுதான். அப்படியே தூவினால் விதை மண்ணில் ஒட்டாமல் மேலேயே நிற்கும், வெயிலில் காய்ந்துவிடும். ஒரு கைப்பிடி மணலோடு சேர்த்து உள்ளங்கையில் கசக்குங்கள், பெரும்பாலான பஞ்சு கழன்றுவிடும். முழுக்கப் போக வேண்டியதில்லை. பிறகு மணலோடு சேர்த்தே ஓர் இரவு ஊற வைத்து, காலையில் விதைக்கலாம்.

முட்டை அட்டையில் நாற்று விடச் சொல்பவர்களை நம்பாதீர்கள், நாலு நாளில் ஊறிக் கூழாகிவிடும். குழித்தட்டுதான் என் கட்சி. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி. குழிக்கு இரண்டு விதை, மேலே மெல்லிய போர்வையாக மண். பூவாளி வேண்டாம், கைத்தெளிப்பான் போதும். பத்து முதல் பதினைந்து நாளில் முளை தெரியும்.

ஆறு இலை வந்ததும் முழு வெயிலில், செடிக்குச் செடி ஒரு அடி விட்டு நடுங்கள். தொட்டி என்றால் ஒன்றுக்கு ஒன்று. அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். மனசு வராதுதான், ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக்கம்பாக நிற்கும், கிள்ளியது புதராகும். உரத்தைக் கொட்டினால் இலைதான் வரும். நடும்போது போட்ட தொழு உரமே போதும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் சரி. தினமும் ஊற்றி ஒரு செடியை வேரழுகலுக்குக் கொடுத்தவன் நான்.

விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூக்கும். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் ஆனி பிறந்ததும் விதைத்துவிடுங்கள். ஓணத்துக்கு வேண்டுமென்றால் வைகாசியிலேயே.

பின்சேர்க்கை: முளைக்கும் முன்பே விதை காணாமல் போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எறும்பு வேலையாக இருக்கும். குழித்தட்டை நாலு கிண்ணத்தின் மேல் நிறுத்தி, அந்தக் கிண்ணங்களைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் வாங்கிய பாக்கெட் விதையில் பஞ்சு நீக்கியிருந்தால் கசக்க வேண்டாம், ஊற வைப்பது மட்டும் போதும்.

இன்னொருவர் தளிரெல்லாம் வெள்ளையாக இருக்கிறதே என்று வேப்பெண்ணெய் அடித்திருக்கிறார். வாடாமல்லித் தளிருக்கு இயல்பாகவே வெண்ரோமம் உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால்தான் மாவுப்பூச்சி. அப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.