முதல் தத்துவ நூலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்த காலம். ஒருநாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பி, "நீங்க யாரு?" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நினைவெல்லாம் போன பிறகும் இவர் அதே ஆள்தானா? ஆம் என்றால், எதை வைத்து? நான் தத்துவ நூல்களைத் தேடிப் போனது அந்தக் கேள்வியோடுதான்.

அதற்கு முன்பு ஒருமுறை, பெரிய பெயர் என்பதற்காகவே ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சன'த்தை எடுத்து, நாற்பது பக்கத்தோடு விட்டிருந்தேன். நூலின் மேல் குறையில்லை. 1781இல் வந்த அந்த நூலுக்குப் பின்னால், காரண காரியத் தொடர்பு பற்றி ஹியூம் என்ற தத்துவவாதி எழுப்பிய சந்தேகங்கள் இருக்கின்றன. அந்தச் சந்தேகம் எனக்கு அப்போது வந்திருக்கவே இல்லை.

அதனால் புத்தகம் தேடும் முன், உங்களை உறுத்தும் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், அவசரமில்லை.

'நான்' என்பது எது என்பதுதான் கேள்வியென்றால், ஜான் பெர்ரி 1978இல் வெளியிட்ட மெல்லிய உரையாடல் நூலைச் சொல்வேன். விபத்தில் சிக்கி மருத்துவமனையில் சாகக் கிடக்கும் ஒரு தத்துவ ஆசிரியை, தன்னைப் பார்க்க வந்தவர்களோடு மூன்று இரவுகள் வாதிடுகிறார். நமக்கு எது உறுதியாகத் தெரியும் என்ற கேள்விக்கு, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் எழுதிய 'தத்துவத்தின் பிரச்சினைகள்'. எதிரில் கிடக்கும் மேசையின் நிறத்தையே சந்தேகிப்பதில் தொடங்குவார்.

சரி, தவறு பற்றிய கேள்வியென்றால் பிளேட்டோவின் 'யூதிப்ரோ'. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கூலியாள் ஒருவன் சாகக் காரணமானார் என்று பெற்ற தகப்பன் மேலேயே வழக்குப் போட வந்திருக்கிறான் யூதிப்ரோ. செய்வது புண்ணியம் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகமில்லை. தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அங்கே வந்திருக்கும் சாக்ரடீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்து, நீங்களே ஒரு பதில் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு மேலே படியுங்கள். யூதிப்ரோ தடுமாறும் ஒவ்வொரு இடத்திலும் நீங்களும் தடுமாறுவீர்கள்.

உரையாடல் நூல்களை நான் முதலில் வைப்பது இதனால்தான். எதிர்வாதமும் அந்த நூலுக்குள்ளேயே இருக்கும்.

தத்துவ வரலாற்று நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது மனதில் நிற்கும், ஏன் வந்தார்கள் என்பது நிற்காது. நீட்சேவும் அப்படியே: வரிகள் இழுக்கும், அவர் யாரோடு மோதுகிறார் என்பது பிடிபடாது.

கையில் எடுத்த நூலை நடுவில் பிரித்து இரண்டு பக்கம் படியுங்கள். ஆசிரியர் எதை மறுக்கிறார் என்று உங்கள் சொல்லில் சொல்ல முடிந்தால் அது உங்களுக்கான நூல். பிளேட்டோ மொழிபெயர்ப்பென்றால் பக்க ஓரத்தில் எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்கள் அவை. ஒரு வரி புரியாதபோது இன்னொரு மொழிபெயர்ப்பில் அதே இடத்தை நொடியில் பிடிக்கலாம்.

இரண்டாவது நூலை முதல் நூலே காட்டும். பெர்ரிக்குப் பிறகு நான் ஜான் லாக்கின் பெருநூலில் ஒரே ஒரு அத்தியாயம் படித்தேன்: இரண்டாம் பாகத்தில் 27ஆவது. நினைவு எட்டும் தூரம் வரைதான் அதே ஆள் என்கிறார் லாக். ஓரத்தில் 'இல்லை' என்று அழுத்தி எழுதினேன். ஏன் இல்லை என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. தேடியபோது, லாக்கை மறுத்து தாமஸ் ரீட் என்ற தத்துவவாதி 1785இல் எழுதியது கிடைத்தது. தோட்டத்தில் திருடி அடி வாங்கிய சிறுவன், வளர்ந்து எதிரியின் கொடியைப் பறித்த அதிகாரியாகிறான், முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்கு அந்த அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதியும் சிறுவனும் ஒரே ஆளா, இல்லையா? அந்தப் பக்கத்தை அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்துதான் படித்தேன்.