கெண்டை இழுத்தும் அலாரம் கத்தவில்லையா? பாபினைப் பாருங்கள்

இங்கிலாந்தில் ரெடிங் நகரைச் சுற்றி, ஜல்லி தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரியாகிப்போன இடங்கள் நிறைய உண்டு. அப்படி ஓர் ஏரிக்கரையில் ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். தூண்டிலை மீன் இழுத்தால் பீப் அடிக்க வேண்டியவை, புதிதாக வாங்கிய என் இரண்டு அலாரமும். ஒரு பீப் கூட எழுப்பவில்லை. விடிந்ததும் தூண்டில் நரம்பைச் சுற்றினால், நேர் எதிரே போட்ட ஈயக் குண்டு இடதுபக்க நாணல் ஓரத்தில், கரைக்கு வெகு அருகில் கிடந்தது. முள்ளில் இரை இல்லை. கெண்டை வாயில் வைத்து, ஈயத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நீந்தி, முள்ளைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறது. நான் கூடாரத்துக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் பிடிபட மூன்று வார இறுதிகள் ஆயின. நீங்கள் அவ்வளவு நாள் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ராட் (தூண்டில் கோல்), ரீல் (நரம்பு சுற்றும் உருளை), முடிச்சு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதை வாங்குவது

முதலில் ஒன்று. இந்த அலாரத்துக்கு மீனைத் தெரியாது. தன் மேல் கிடக்கும் நரம்பு நகர்ந்தால் கத்தும், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். நரம்பு ஓடினால் சக்கரம் சுழலும், அதிலுள்ள காந்தம் உள்ளே இருக்கும் உணரியைத் தட்டும், பீப் வரும். டெல்கிம் என்ற பிராண்டு மாதிரி சிலவற்றில் சக்கரம் கிடையாது. நரம்பு உரசும் அதிர்வையே உணரும். அந்த வகை அருமையானது. ஆனால் காற்றடிக்கும் நாளில் அதைச் சரிசெய்யப் பழக்கம் வேண்டும். முதல் அலாரம் சக்கர வகையாகவே இருக்கட்டும். எங்கே கோளாறு என்று கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு போதும். இங்கே 13 வயது ஆன எல்லோருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும், சாதாரண உரிமம் இரண்டு ராடுக்குத்தான். தள்ளி இருந்தாலும் பீப்பைக் கேட்க வைக்கும் கம்பியில்லா ரிசீவரோடு வரும் பெட்டியைக் கடைக்காரர் நீட்டுவார். எனக்கு அது வீண்செலவு. ராடை விட்டு விலகிப் போய் முள்ளைத் தண்ணீரில் விட்டுவைப்பது இங்கே சட்டப்படி குற்றம். பத்தடி தூரத்தில் இருப்பவனுக்கு ரிசீவர் எதற்கு?

(ஒரு கொசுறு. 1952-இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டை பிடித்துச் சாதனை படைத்த ரிச்சர்டு வாக்கர்தான் மின்சார அலாரத்தைச் செய்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர். மீனைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார்.)

கரையில் நிறுத்துவது

குத்துக்கம்பியை அசையாதபடி மண்ணில் இறக்கி, அதன் தலையில் அலாரத்தைத் திருகுங்கள். ராடின் அடிப்பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு கம்பி. ராடின் வளையம் எதுவும் அலாரத்தில் இடிக்கக் கூடாது. நரம்பு சக்கரத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ராட் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நரம்பு சக்கரத்தை விட்டு விலகிவிடும். ஒரு மணல்துகள் போதும், சக்கரம் நின்றுவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும்.

வீசி, ஈயம் தரை தட்டியதும் நரம்பு முழுக்கத் தண்ணீரில் மூழ்க விடுங்கள். காற்று இருந்தால் ராட் நுனியைத் தாழ்த்தி வைக்கலாம். பிறகு பெயிட்ரன்னரை (மீன் இழுத்தால் நரம்பைத் தாராளமாக ஓடவிடும் ரீலின் விசை) போட மறக்காதீர்கள். அதை மறந்த ஒருவரின் ராட் ஏரிக்குள் சறுக்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். (சரி, அந்த ஒருவர் நான்தான்.)

பாபின்: நான் கோட்டைவிட்ட இடம்

அலாரத்துக்கும் ரீலுக்கும் நடுவே நரம்பில் தொங்கும் சின்ன எடைதான் பாபின். நான் அதைத் தரையைத் தொடும்படி முழுதாகத் தொங்கவிட்டிருந்தேன். மீன் இழுத்தால் மேலே ஏறும், பீப் வரும் என்பது என் கணக்கு. மீன் எதிர்ப்பக்கம் ஓடினால் அந்தக் கணக்கு சரி. ஆனால் அது நம்மை நோக்கி வந்தால்? நரம்பு தளரும். தளர்ந்ததை இழுத்துக்கொண்டு பாபின் கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் சுழலும். ஏற்கெனவே தரையில் கிடக்கும் பாபின் எங்கே இறங்கும்? என் ஈயம் கரையோரம் வந்து கிடந்த கதை இதுதான்.

ராடுக்கும் தரைக்கும் நடுப்பாதியில் பாபின் தொங்கட்டும். மேலேயும் கீழேயும் ஓர் அடியாவது இடம் வேண்டும். அப்புறம் எடை. தூரமாக வீசியிருந்தால் லேசான பாபின் தளர்ந்த நரம்பை இழுக்காது. கூட வரும் சின்ன எடைகளைத் திருகிச் சேருங்கள். கரையோரம் போட்டால் கழற்றிவிடுங்கள்.

இதை ஏரியில் கற்க வேண்டாம். வீட்டுத் தோட்டத்து வேலிக்கட்டையில் நரம்பைக் கட்டி, இருபது அடி தள்ளி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். யாரையாவது நரம்பைப் பிடித்து ஒரு சாண் இழுக்கச் சொல்லுங்கள், பிறகு உங்கள் பக்கமாகத் தளர்த்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பீப் வர வேண்டும். எனக்கு உதவியது என் மகள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சத்தத்தைப் படிப்பது

உணர்திறனை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். ஒற்றை பீப்புக்கு எழுந்து ஓடாதீர்கள். பெரும்பாலும் நீந்திப் போகும் மீன் நரம்பில் உரசியதுதான். பாபின் ஏறிக்கொண்டே போய் பீப் நிற்காமல் வந்தால் ராடை எடுங்கள். விட்டு விட்டு இரண்டு மூன்று பீப், பாபின் இறங்குகிறது என்றாலும் எடுங்கள், தளர்ந்ததை வேகமாகச் சுற்றிக்கொண்டே. ஊரில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டிய காலத்திலும் இதே கதைதான். தக்கை முங்கினால் மட்டுமா இழுப்போம், படுத்தாலும் இழுப்போமே.

பிற்சேர்க்கை 1: நரம்பு அசையாமலே அலாரம் கத்துகிறது என்று இருவர் எழுதினார்கள். ஒருவருக்கு பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. இன்னொருவருக்கு மழை, உணர்திறனை ஒரு படி குறைத்ததும் அடங்கியது.

பிற்சேர்க்கை 2: கேமரா முக்காலியில் அலாரத்தைத் திருகலாமா என்று ஒருவர் கேட்டார். இரண்டிலும் 3/8 அங்குலம் என்று எழுதியிருப்பதுதான் குழப்பம். தூண்டில் சாமான்களின் திருகில் அங்குலத்துக்கு 20 புரி, கேமராவில் 16. முதல் சுற்று ஏறும், அடுத்தது இறுகும், அதற்கு மேல் முறுக்கினால் அலாரத்தின் புரி போய்விடும். அவர் முறுக்கிவிட்டுத்தான் கேட்டார்.