குளியலறைக் குழாயை நீங்களே மாற்றப் போகிறீர்களா?

முதலில் நாள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார். நான் மூன்று மணிக்குக் குழாயில் கை வைத்தேன். அன்று ராத்திரி வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

சொட்டுகிறது என்பதற்காக முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதில்லை. பல சுற்று திருகித் திறக்கும் பழைய ரகமா? பெரும்பாலும் உள்ளே ரப்பர் வாசர் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் போதும். கால் சுற்றில் திறப்பது என்றால் கைப்பிடிக்கு அடியில் சுழலும் ஸ்பிண்டிலை மட்டும் மாற்றலாம். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். என் குழாய்க்குக் கழுத்திலேயே விரிசல். வேறு வழியில்லை.

மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை முந்தின நாளே நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். வருஷக்கணக்கில் யாரும் தொடாத வால்வு முழுதாக மூடாது. மூடிய பிறகு குழாயைத் திறந்து, தண்ணீர் வடிந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரெஞ்சை எடுக்க வேண்டும்.

குழாயின் மேல் பழைய துணியைச் சுற்றி, இடப்பக்கமாகத் திருகுங்கள். அசையவில்லையா, கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆட்டிக் கொடுங்கள். நான் ஆட்டவில்லை, மொத்த பலத்தையும் போட்டேன். 'டக்' என்றது. குழாய் கையில் வந்துவிட்டது, அதன் மரை சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

இது யாருக்கும் நடக்கும், பயப்பட வேண்டாம். ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, பிடிக்கும் முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். உடைந்த வளையத்துக்குள் அதை விட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு போடுங்கள். அவசரம் கூடாது. வெட்டு ஆழமாகி, குழாயைப் பிடித்திருக்கும் எல்போவின் (சுவருக்குள் இருக்கும் வளைவு இணைப்பின்) மரையில் பட்டால் சுவரை உடைக்க வேண்டியதுதான். பித்தளைத் துகள் மஞ்சளாகக் கொட்டும். அடிக்கடி ஊதிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வெட்டுக்கும் நடுவில் இருக்கும் துண்டைச் சின்ன ஸ்குரூடிரைவரால் உள்பக்கம் தட்டி மடக்கினால் பிடி விட்டுப்போகும். அப்புறம் பிளேயரால் இழுத்துவிடலாம். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

புதுக் குழாய்க்கு, ஒழுகாமல் இருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப். அப்பா காலத்து பிளம்பர்கள் சணலைச் சுற்றி ஒயிட் லெட் பூசுவார்கள், நமக்கு அது வேண்டாம். மரை முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரம் ஓடும் திசையில் பத்துச் சுற்று, இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வரும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் வந்தது.

முக்கியமாக, சுவரை ஒட்டி மூடும் அந்த வட்டத் தட்டு, பிளாஞ்ச், அதை முதலிலேயே மாட்டிவிடுங்கள். நான் எல்லாம் முடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அது சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. மறுபடி கழற்றி, புது டேப் சுற்றி, மறுபடி முடுக்கல்.

கடைசியில் மூக்கு நேராகக் கீழே பார்க்கவில்லை என்றால் பின்னால் திருப்பாதீர்கள், ஒழுக ஆரம்பிக்கும். கழற்றி இன்னும் இரண்டு சுற்று டேப் கூட்டிப் போடுவதே முறை. அதற்குள் மணி ஒன்பது ஆகிவிட்டது, டேப்பும் தீர்ந்துவிட்டது. எங்கள் குழாய் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்தான் பார்க்கிறது. வாளியை இடம் தள்ளி வைத்துக்கொள்கிறோம்.