"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்"னு சொல்றதுக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுங்க

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்குறவ. "2 வயசுலயே கூட்டிட்டு வந்திருக்கணும் மேடம்"னு அழுத அப்பா அம்மா நிறைய பேர பாத்துட்டேன். இப்ப புதுசா வர்றவங்களும் அச்சு பிசகாம அதே தப்பத்தான் பண்றாங்க, அதான் எழுதுறேன். போன் காட்டி சோறு ஊட்டாதீங்கங்கறத எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்றேன்.

வீட்டுல தட்ட தட்டிப் பாத்து காது நல்லா கேக்குதுனு முடிவு கட்றது

இதத்தான் என்னால இன்னமும் தாங்கிக்க முடியல. பையனுக்கு 2 வயசு தாண்டிருச்சு, பேச்சு வரல. "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும், இவங்கப்பனே 3 வயசுலதான் வாய தொறந்தான்"னு பாட்டி சொல்வாங்க, நாக்குல வசம்பு தேய்ப்பாங்க, அப்படியே ஒரு வருஷம் ஓடிரும். காது டெஸ்ட் எடுத்தீங்களானு கேட்டா, "அதெல்லாம் கேக்குது மேடம், பின்னாடி நின்னு தட்ட தட்டுனா டக்குனு திரும்புறான்"பாங்க.

தட்டுச் சத்தம் ரொம்ப பெருசுங்க. ஓரளவு காது குறைஞ்ச பிள்ளைக்கும் அது கேக்கும். ஆனா பேச்சுல வர்ற ச, த மாதிரி சத்தமெல்லாம் மெல்லிசு, அது விழலன்னா பிள்ளைக்கு ஒவ்வொரு வார்த்தையும் அரைகுறையாத்தான் கேக்கும், அப்புறம் எப்படிப் பேசும்?

3 வயசு தாண்டி ஒரு பையன் வந்தான். கதவு சத்தம் கேட்டா அப்பா வந்துட்டார்னு ஓடுவான், அதனால காதுல பிரச்சன இல்லனு அம்மா அடிச்சு சொன்னாங்க. நான் பேசுறப்ப அவன் என் வாயையே பாத்துட்டு இருந்தான். ஒரு பேப்பரால வாய மறைச்சுக்கிட்டு "பந்து எங்க?"னு கேட்டேன், அசையல. பேப்பர எடுத்துட்டு அதையே கேட்டேன், பந்து பக்கம் திரும்பிட்டான். பெரா டெஸ்ட்ல, அதாவது சத்தம் காதுலேர்ந்து மூளைக்குப் போகுதானு பாக்குற டெஸ்ட்ல, ரெண்டு காதுலயும் குறைபாடுனு வந்துச்சு. அந்தம்மா முகத்த என்னால நிமிந்து பாக்க முடியல.

பிள்ள பொறந்து 1 மாசத்துக்குள்ள காதுக்கு முதல்கட்ட டெஸ்ட், 3 மாசத்துக்குள்ள குறைபாடு உண்டா இல்லையானு உறுதி, 6 மாசத்துக்குள்ள காது மெஷினோ தெரபியோ ஆரம்பிச்சிடணும், உலகம் பூரா இதுதான் கணக்கு. பொறந்தப்ப பாஸ் ஆனாலும் பின்னாடி குறையலாம், மூளைக் காய்ச்சல் வந்த பிள்ளைங்களுக்கு கண்டிப்பா திரும்ப எடுக்கணும். நம்ம ஊர்ல தகுதி இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்டே (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி) இலவசமா வைக்கிறாங்க, ஆனா 6 வயசுக்குள்ள இருக்கணும். அந்த வயச வசம்புலயே தொலச்சிடாதீங்க.

பேச்ச மட்டும் எண்ணிட்டு இருக்கறது

1 வயசுல பேர் சொன்னா திரும்புதா, 1¼ வயசுல வேணுங்கறத விரல் நீட்டிக் காட்டுதா? 2 வயசுல "பால் குடு"னு ரெண்டு வார்த்தை சேத்து சொல்லணும். ரைம்ஸ் முழுசா ஒப்பிக்குது, ஆனா தண்ணி வேணும்னு கேக்கத் தெரியலன்னா அத பேச்சுக் கணக்குல சேக்காதீங்க.

குறை மாசப் பிள்ளைய பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடறது

2 மாசம் முன்னாடி பொறந்திருந்தா வயசுல அந்த 2 மாசத்தக் கழிச்சுட்டுத்தான் கணக்கு போடணும், 2 வயசு வரைக்கும்.

இருந்த பேச்சு நின்னுபோனா

அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. எந்த வயசா இருந்தாலும் சரி.

எங்க போறதுனு தெரியலன்னா

உங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயோ மெடிக்கல் காலேஜ்லயோ ஆரம்ப நிலை இடையீட்டு மையம்னு இருக்கும், சுருக்கமா டெய்க் (DEIC)னு கேட்டாலே சொல்வாங்க. காசு கெடையாது. அங்கன்வாடிக்கு வர்ற டாக்டர் டீம்கிட்ட சொன்னாலும் அங்க எழுதி அனுப்புவாங்க.