அலுமினிய ஆன்டெனா பராமரிப்பு: பளபளப்பை விட இணைப்புகள் முக்கியம்

வெளியில் நிற்கும், குழாய்களைக் கோத்துச் செய்த அலுமினிய ரேடியோ ஆன்டெனா சில ஆண்டுகளிலேயே மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். அதைப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை. காற்று பட்ட உடனேயே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் படிகிறது. உள்ளிருக்கும் உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பதே அதுதான். படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம் அதற்கு அடியிலுள்ள உலோகத்தில்தான் ஓடுகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் சுமார் 25 மைக்ரான் ஆழத்துக்குள் அடங்கிவிடும். எனவே குழாயின் நடுப்பகுதி மங்கியதால் மட்டும் சிக்னல் குறையாது.

கேடு வருவது இணைப்புகளில். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழையும் இடம், டிரைவன் எலிமென்ட்டில் (எலிமென்ட் எனப்படும் குழாய்க் கைகளில் கேபிள் வந்து சேரும் கை) கேபிளைப் பிடிக்கும் திருகு, கிளாம்ப் இறுக்கும் இடம் ஆகியவற்றில் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே ஆக்சைடும் ஈரமும் சேர்ந்தால் தொடர்பு கெடும். காற்றிலும் மழையிலும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) ஏறி இறங்கும், அதிக பவரில் இணைப்பு சூடாகும். அதோடு அரித்த இணைப்பு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு போல நடந்துகொண்டு, நீங்கள் அனுப்பாத அதிர்வெண்களில் இரைச்சலை உண்டாக்கும். ஆகவே உழைப்பில் பெரும்பங்கை இணைப்புகளுக்குக் கொடுங்கள். மெருகு அதற்கு அப்புறம்.

இறக்குவதும் பிரிப்பதும்

கோபுரத்தில் தொங்கிக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. ஆன்டெனாவைக் கீழே இறக்குங்கள். இறக்கும்போது மாஸ்ட் (ஆன்டெனாவைத் தாங்கும் கம்பம்) எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே கூடாது. இடி மின்னல் வரும் அறிகுறி இருந்தாலும், பலத்த காற்று அடித்தாலும் தள்ளிப்போடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்து, கோஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் மின்சாரத்தையும் துண்டித்துவிடுங்கள்.

பிரிப்பதற்கு முன் எஸ்டபிள்யூஆர் அளவுகளைக் குறித்து வைத்திருந்தால் பிறகு ஒப்பிட உதவும். ஒவ்வொரு எலிமென்ட்டின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுங்கள். டேப் ஒட்டி எண் போட்டு, எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். மார்க்கர் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்: ஆல்கஹாலும் உப்புத்தாளும் பட்டால் அது அழிந்துவிடும்.

குழாய்கள் இறுகிக் கழற்ற வராவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். மெல்லிய குழாய் நசுங்கினால் உள்குழாயை அது நிரந்தரமாகக் கவ்விக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, முறுக்கிக்கொண்டே இழுங்கள். வெளிக்குழாயை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினாலும் இளகும். ஆனால் எண்ணெய் தீப்பற்றும் என்பதால் முதலில் அதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், பிளாஸ்டிக் இன்சுலேட்டர்களையும் கழற்றிவிட வேண்டும். குழாய் முனையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று கையை வைப்பதற்கு முன் பாருங்கள்.

கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி: முதல் சுற்றுக்கு இவையே போதும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவைத்துத் துடைக்கவும். டிராப்களையும் (எலிமென்ட்டின் நடுவே வரும் சுருள் பகுதிகள்) பாலனையும் (கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தும் பெட்டி) தண்ணீரில் முக்காதீர்கள். உள்ளே போன ஈரம் எளிதில் வெளியேறாது. இன்சுலேட்டரில் அசிட்டோன் படவே கூடாது, பல பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விடும்.

வெள்ளைப் பொடியாகப் படிந்த அரிப்புக்குச் சாதாரண வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நைலான் தேய்ப்பானால் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். ஓவன் கிளீனர் போன்ற சோடியம் ஹைட்ராக்சைடு கலந்தவை அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த அலுமினியப் பிரைட்னர்களை வீட்டில் தொடவே வேண்டாம். அந்த அமிலம் முதலில் வலி தெரியாமலேயே தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை பாதிக்கும். பிளீச்சை வினிகருடன் சேர்த்தால் குளோரின் வாயு வரும். எந்தத் திரவமானாலும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்புகள்

ஸ்டீல் உல்லும் சாதாரண இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடிக்கும், சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும். நைலான் தேய்ப்பான், அல்லது அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் போதும். உள்குழாயின் வெளிப்பக்கத்தை, மேற்பொருந்தும் நீளம் முழுதும் பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை தேயுங்கள். வெளிக்குழாயின் உட்பக்கத்தை மறந்துவிடுபவர்கள் பலர். தொடர்பின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. மரக்கழியில் தேய்ப்பானைச் சுற்றி உள்ளே விட்டுத் திருப்புங்கள். அளவுக்கு மீறித் தேய்த்தால் பொருத்தம் தளர்ந்துவிடும். அடுத்தடுத்த அளவுக் குழாய்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியே மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான்.

தூசியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த கையோடு, ஆக்சைடு தடுக்கும் ஜாயின்ட் காம்பவுண்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அலுமினிய இணைப்புகளுக்கென்றே துத்தநாகத் துகள் கலந்து வருபவை நல்லவை. ஒரு நாள் கழித்துத் தடவினால் புதிய ஆக்சைடின் மேல்தான் தடவுவீர்கள். திரும்பச் சேர்க்கும்போது குழாயை முறுக்கிக்கொண்டே நுழைத்து, வழிந்ததைத் துடைத்துவிடவும். எலிமென்ட்களுக்கும் அவற்றைத் தாங்கும் நீளக் குழாயான பூமுக்கும் நடுவே இன்சுலேட்டர் இருந்தால் அதன்மேல் காம்பவுண்ட் படியக் கூடாது.

செம்புக் கம்பியை நேரடியாக அலுமினியத்தில் திருகி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம்தான் கரையும். வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டு) ஸ்டெயின்லெஸ் வாஷரும் இடையில் வரட்டும். திருகுகளும் ஸ்டெயின்லெஸ் வகையில் இருக்கட்டும், அவற்றின் மரையில் இறுகிப் பூட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். உலர்ந்த ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மெருகு

இது அழகுக்கு மட்டும், விருப்பமிருந்தால் குழாய்களைத் திரும்பச் சேர்ப்பதற்கு முன் செய்யலாம். தங்க நிறத்திலோ வேறு நிறத்திலோ அனோடைஸ் செய்த குழாயைத் தேய்க்கவே வேண்டாம். அந்தப் பூச்சு இயற்கைப் படலத்தை விடப் பலமடங்கு கனமானது, போனால் வீட்டில் திரும்பப் போட முடியாது. கைரேடியோக்களின் இழுத்து நீட்டும் விப் ஆன்டெனாவுக்கும் இந்த முறை பொருந்தாது. அது பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை.

சாதாரணக் குழாய்க்கு 400, 600, 1000 எண் நீர் உப்புத்தாள்களை வரிசையாக ஈரத்துடன் பயன்படுத்துங்கள். குழாயின் நீளவாக்கில் தேய்த்து, கடைசியில் மெட்டல் பாலிஷ் தடவவும். ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. உலர்வாகத் தேய்ப்பவர்கள் முகமூடி அணிய வேண்டும். பாலிஷ் மெழுகு இணைப்புக்குள் போனால் அது இன்சுலேட்டர் ஆகிவிடும். அதனால் மேற்பொருந்தும் பகுதிகளுக்கு முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். மெருகு நீடிக்க வேண்டுமென்றால் மெல்லிய ஒரு கோட் அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே அடிக்கலாம். விஎச்எஃப், யூஎச்எஃப் எனப்படும் மிக உயர்ந்த அதிர்வெண்களுக்கான ஆன்டெனாவில் கனமாக அடித்தால் ரெசனன்ஸ் (ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்) சற்றே கீழிறங்கும்.

இந்த நேரத்தில் திருகுத் துளைகளைச் சுற்றிலும் பூம் கிளாம்ப் அருகிலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முடி போன்ற விரிசல் தெரிந்தாலும், குழி குழாய்ச் சுவரின் பாதி ஆழத்துக்கு இறங்கியிருந்தாலும் அந்தத் துண்டை மாற்றிவிடுவதே சரி, எவ்வளவு தேய்த்தாலும் பலம் திரும்பாது.

மேலே ஏற்றும் முன்

எழுதி வைத்த நீளங்களோடு மில்லிமீட்டர் தவறாமல் ஒப்பிடுங்கள். தண்ணீர் வடியும் துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஒவ்வொரு எலிமென்ட்டிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு துண்டுகளுக்கு இடையே மின்தடையை அளந்தால், மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும்போது வரும் அளவே வர வேண்டும். குழாயை அசைத்தாலும் எண் தாவக்கூடாது. டிராப் உள்ள இடத்தில் இந்தச் சோதனை பொருந்தாமல் போகலாம். கோஆக்ஸ் கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்கும் டேப்பையும் சுற்றுங்கள்.

ஏற்றிய பின் குறைந்த பவரில் எஸ்டபிள்யூஆர் பார்க்கவும். பழைய அளவைவிட ரெசனன்ஸ் கீழே போயிருந்தால் ஏதோ ஒரு துண்டு நீண்டிருக்கலாம், மேலே போயிருந்தால் குறைந்திருக்கலாம். அளவு நிலையாக நிற்காமல் ஆடினால் ஓர் இணைப்பு இன்னும் சரியாகவில்லை. கடலோரக் காற்றுபடும் ஆன்டெனாக்களுக்கு, உப்பு அரிப்பு சீக்கிரம் வரும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைப்புகளைத் திறந்து பாருங்கள்.