ஒரு ஏக்கர், ஒரு கிணறு: தண்ணீரை அளந்து போடும் கலப்புப் பண்ணை

கலப்புப் பண்ணை என்றதும் பலர் பயிர்ப் பட்டியலில் இருந்து தொடங்குகிறார்கள். கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் வாழை, நாலு ஆடு, ஒரு மீன் குட்டை என்று கை போன போக்கில் சேர்த்துவிட்டு, மே மாதத்தில் கிணறு வற்றியதும் எல்லாவற்றையும் ஒன்றாக வாடவிடுகிறார்கள். சிறு பண்ணையில் எதை, எத்தனை சென்ட்டில் போடுவது என்று தீர்மானிப்பது நிலத்தின் அளவு அல்ல. கோடையில் கிணறு தரும் தண்ணீர். கொங்குச் சீமை, திண்டுக்கல், கரூர் பக்கத்துச் செம்மண்ணில், கிணற்றுப் பாசனமுள்ள ஒரு ஏக்கரை எடுத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம்.

கிணற்றை அளக்கும் விதம்

அளக்க வேண்டிய காலம் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி. ஐப்பசியில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர், நிமிடத்துக்கு 300 லிட்டர். பிறகு காலையில் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் குறைந்து குழாய் காற்றை இழுக்கத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை அடுத்தடுத்து மூன்று நாள், அதே நேரத்தில் செய்ய வேண்டும். முதல் நாள் வருவது தேங்கியிருந்த தண்ணீர். மூன்றாம் நாள் வருவதுதான் உண்மையான ஊற்று. மூன்றாம் நாள் 27 நிமிடம் ஓடியது என்றால் கையில் இருப்பது சுமார் 8,000 லிட்டர்.

கோடையில் பச்சைப் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர் வரும். 8,000 லிட்டரை 200-ஆல் வகுத்தால் 40 சென்ட். ஒரு ஏக்கர் இருந்தாலும் ஆண்டு முழுவதும் பச்சையாக வைக்க முடிந்தது அவ்வளவுதான். கறவை மாடு ஒன்றுக்குக் குடிக்கவும் கழுவவும் ஆகும் தண்ணீரை இன்னொரு சென்ட்டாக எண்ணிக்கொள்ளலாம். 40 கிடைத்தால் 30-க்குத்தான் திட்டமிட வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டு வந்தே தீரும்.

சொட்டுநீர் இல்லாமல் வாய்க்காலில் விட்டால் இந்தக் கணக்கு நிற்காது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனக் கருவிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. வட்டாட்சியரிடம் வாங்கும் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் ஆகியவற்றோடு வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். போட்ட பிறகு வடிகட்டியைத் துப்புரவு செய்வதும், வாரம் ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவதும் நம் வேலை. பல தோட்டங்களில் சொட்டுநீர் மூன்றாம் ஆண்டே மூலையில் சுருண்டு கிடப்பதற்கு இந்த மூடியைத் திறக்காததே காரணம்.

நூறு சென்ட்டைப் பிரிப்பது

தண்ணீர் பாயும் 30 சென்ட்டில் தீவனப்புல் 14, வேலிமசால் (பயறுவகைத் தீவனச் செடி) 3, கீரை 7, காய்கறி 6. கொட்டகை, எருக்குழி, தொட்டி, பாதைக்கு 7. மீதி 63 சென்ட் மானாவாரி. கீரையில் தினமும் காசு வரும், பாலுக்கு வாரம் அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும், மானாவாரியில் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். வட்டிக்கு வாங்காமல் பண்ணை ஓடுவதற்கு இந்த மூன்று வேகமும் வேண்டும்.

இதில் நின்று நிதானித்துச் செய்ய வேண்டியது கீரை. 7 சென்ட்டை 28 பாத்தியாகப் பிரியுங்கள். ஒரு பாத்தி கால் சென்ட், அதாவது 4 அடி அகலம், 27 அடி நீளம். தினமும் ஒரு பாத்தி விதைக்க வேண்டும், ஒரு பாத்தி பிடுங்க வேண்டும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25-ஆம் நாள் பிடுங்கலாம். மிச்சமுள்ள மூன்று நாளில் பாத்தியைக் கொத்தி, வெயில் காட்டி, எரு போட்டு, அடுத்த விதைப்புக்குத் தயார் செய்துவிடலாம். 28 நாளில் சுற்று முடிந்து முதல் பாத்திக்கே திரும்பி வருவீர்கள்.

ஒரு பாத்திக்கு 5 கிராம் விதை போதும். அதைப் பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகக் கீறி மூட வேண்டும். ஆழமாகப் போனால் முளைக்காது. எறும்பு விதையை இழுக்கும் இடங்களில் பாத்தி ஓரத்தில் ஒரு பிடி ரவையைத் தூவினால் எறும்பு அதைச் சுமக்கப் போய்விடும், விதை தப்பும். நன்றாக வந்தால் ஒரு பாத்தியில் 10 கிலோ, கால் கிலோ கட்டாக 40 கட்டு. கட்டு 10 ரூபாய்க்குப் போனால் நாளுக்கு 400 ரூபாய். மறந்துவிட வேண்டாம், இது பிடுங்கி, அலசி, கட்டி, கொண்டுபோய் விற்கிற ஆளின் கூலியையும் சேர்த்த தொகை. முதல் மூன்று மாதம் பாதிப் பாத்திகளை மட்டும் போட்டு, 20 கட்டுக்கு நிலையான வாடிக்கை பிடித்த பிறகு மீதியைத் தொடங்குங்கள். கீரையை மறுநாளைக்கு வைக்க முடியாது. விற்காத கட்டு மாட்டுக்குத்தான்.

கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டைப் பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகும், இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளமாக வெண்துரு வரும். மேட்டுப்பாத்தி போட்டு விதையை நெருக்கமில்லாமல் தூவுவதே தடுப்பு. இரண்டாவது, ஒரே கீரையை ஆண்டு முழுவதும் போடுவது. நான்கு சுற்றுக்கு ஒருமுறை அந்தப் பாத்தியில் வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி என்று மாற்றுங்கள். முள்ளங்கிக்குக் கூடுதல் நாள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். மூன்றாவது இலைப்புழு. அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். பிடுங்குவதற்கு முந்தின நாள் தெளித்தால் கீரை கசக்கும், வாடிக்கையும் போகும். 15-ஆம் நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புல் முதலில், மாடு பிறகு

மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுப் புல்லுக்கு அலைவதுதான் சிறு பண்ணைகள் நொடிக்கும் வழக்கமான வழி. கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் புல்லின் கரணையை (தண்டுத் துண்டு) 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சென்ட்டுக்கு 135 கரணை, 14 சென்ட்டுக்குச் சுமார் 1,900. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஆகவே நட்டு இரண்டரை மாதம் கழித்து மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும். நிலம் முழுவதையும் ஒரே நாளில் அறுக்காமல், தினம் ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டே போனால் 45 நாளில் சுற்று முடியும். ஓர் அறுப்பில் சென்ட்டுக்கு 120 கிலோ விளைந்தால்கூட நாளுக்கு 37 கிலோ கிடைக்கும். கறவையில் இருக்கும் மாட்டுக்கு 25, வற்றிய மாட்டுக்கு 12. வெட்டும் இயந்திரத்தில் நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் தின்னும்.

வேலிமசால் புரதத்துக்காக. அதன் விதையை அப்படியே விதைத்தால் பாதிகூட முளைக்காது, மேல்தோல் அவ்வளவு கடினம். 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் 5 நிமிடம் போட்டெடுத்து, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். 3 சென்ட்டுக்குக் கால் கிலோ விதை. முதல் அறுப்புக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

மாடு இரண்டு, ஈற்று ஆறு மாத இடைவெளியில். ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். அடர்தீவனம் நாளுக்கு, உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. இதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாது: சினை பிடிக்காமல் போகும் மாதங்கள். கன்று ஈன்ற இரண்டாம், மூன்றாம் மாதத்துக்குள் சினை ஊசி போட்டிருக்க வேண்டும். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்கத் தேதியைக் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

ஒரு மாடு நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். மக்கினால் ஏறத்தாழப் பாதி. இரண்டு மாட்டின் எருவில் 10 கிலோ அன்றன்றைய கீரைப் பாத்திக்குப் போனால் மீதி மானாவாரிக்கு. பச்சைச் சாணத்தைப் பாத்தியில் போடக் கூடாது. வேர்ப்புழுவும் களையும் வரும். குழியில் மூன்று, நான்கு மாதம் மக்க வேண்டும்.

மானாவாரி

ஆடிப்பட்டத்தில் 30 சென்ட் நிலக்கடலை, 33 சென்ட் சோளம். அடுத்த ஆண்டு இடம் மாற்றிப் போடுங்கள். நிலக்கடலை ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. 30 சென்ட்டுக்கு 15 கிலோ நிலக்கடலைப் பருப்பு விதை, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையில் நேர்த்தி செய்து போட்டால் வேரழுகல் குறையும். 40 முதல் 45-ஆம் நாளுக்குள் ஒரு மூட்டை, 50 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு களைக்கொத்து ஆகாது. மண்ணுக்குள் இறங்கும் விழுது அறுந்து, செடி மட்டும் செழிப்பாக நிற்கும்.

காய்ந்த காயாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. 100 கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு, செக்கில் ஆட்டினால் 28 கிலோ அளவில் எண்ணெய். மிஞ்சும் புண்ணாக்கு அடர்தீவனச் செலவைக் குறைக்கும், கொடி உலர்தீவனம். எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் ஏற்கெனவே உங்களிடம் கீரை வாங்குகிறவர்களே. பருப்பு சரியாகக் காயாமல் ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் காறும், பூஞ்சணம் பிடித்த பருப்பு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

சோளத்தட்டு மாட்டின் கோடைக்கால இருப்பு. ஆனால் பூப்பதற்கு முன்னும், வாடி நிற்கும்போதும், அறுத்த தாளில் மறுபடி துளிர்க்கும்போதும் சோளத்தில் நச்சு இருக்கும். கயிறு அவிழ்ந்து மாடு உள்ளே புகுந்தால் சில நிமிடங்களில் செத்து விழும். மானாவாரிப் பக்கத்துக்கு வேலி போடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எதைச் சேர்க்கலாம், எப்போது

காய்கறி 6 சென்ட்டில் வெண்டை, கத்தரி, கொத்தவரை. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கத்தரியில் வாடித் தொங்கும் நுனியைக் கண்டதும் கிள்ளி எரித்துவிடுங்கள், உள்ளே புழு இருக்கும். வேலியோரம் முழுக்க அகத்தியும் முருங்கையும். இவற்றுக்கு இடமும் தேவையில்லை, தனித் தண்ணீரும் தேவையில்லை.

நாட்டுக்கோழி 20 வரை இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம். கீரைப் பாத்தியைச் சுற்றி வலை கட்டிய பிறகு. குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து) சொட்டு, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. இதை விட்டால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகும். ஆடு சேர்ப்பதை, மேய்க்க வீட்டில் தனியாக ஓர் ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். கட்டிப்போட்டு வளர்த்தால் மாட்டின் புல்லைத் தின்னும், அவிழ்த்துவிட்டால் கீரையைத் தின்னும்.

விற்பனைக்கு உழவர் சந்தை அடையாள அட்டையை விதைப்பதற்கு முன்பே வாங்கி வையுங்கள். விண்ணப்பித்த பிறகு அலுவலர் வந்து நிலத்தைப் பார்த்துத்தான் தருவார்கள், அதற்கு நாள் பிடிக்கும்.