பெற்றோருக்கு அமெரிக்க விசா: பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசா மறுக்கப்பட்டு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து வெளியே வரும் பெற்றோர் பலரிடம் ஒரே புகார் உண்டு: "கொண்டுபோன காகிதங்களில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை." டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் பிள்ளை பார்த்துப் பார்த்து அடுக்கி அனுப்பிய கோப்பு அது. அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வீட்டுப் பத்திரம் என்று தடிமனாக இருக்கும். கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோப்பைப் புரட்டிப் பாருங்கள். அதில் இருப்பதெல்லாம் பிள்ளையைப் பற்றிய சேதி. விசா கேட்டு நிற்பவரோ அம்மா.

பெற்றோருக்கு பி-2 சுற்றுலா விசா எடுக்க உதவும் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் பல இந்தக் குழப்பத்திலிருந்துதான் கிளைக்கின்றன. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசா கேட்டு வருகிறவரை அங்கேயே தங்கிவிட நினைப்பவராகத்தான் முதலில் கருதச் சொல்கிறது. அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. அழைப்புக் கடிதமோ, செலவை நான் ஏற்கிறேன் என்று பிள்ளை எழுதித் தரும் ஐ-134 உறுதிமொழியோ சுற்றுலா விசாவுக்குத் தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லிவிட்டது. விண்ணப்பிப்பவருக்குச் சொந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு. மகன் கைநிறையச் சம்பாதிக்கிறான், நான்கு படுக்கையறை வீடு வாங்கிவிட்டான் என்பதெல்லாம் நமக்குப் பெருமை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கோ, இவ்வளவு வசதியான மகனை விட்டுவிட்டு இந்த அம்மா ஏன் திரும்பி வருவார் என்ற சந்தேகம்தான் அதில் எழும்.

அப்படியானால் எது கணக்கில் வரும்? மாதா மாதம் வரும் ஓய்வூதியம், சொந்த வீடு, அறுவடைக்கு நிற்கும் வயல், கடை, ஊரிலேயே இருக்கும் இன்னொரு மகள், அவளுடைய பிள்ளைகள், துணைக்கு ஆள் தேவைப்படும் வயதான மாமியார். முன்பு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய், சொன்ன நேரத்தில் திரும்பியிருந்தால் அதுவும் சேரும். இவற்றையெல்லாம் பத்திரமாக அடுக்குவதைவிட, அம்மா தன் வாயால் இரண்டு வாக்கியத்தில் சொல்வதற்கு மதிப்பு அதிகம். கணவரை இழந்து தனியாக வாழும், ஒரே பிள்ளையும் அமெரிக்காவில் இருக்கிற அம்மாக்களின் நிலைதான் கடினமானது. அவர்களுக்காக இல்லாத சொத்தையும் உறவையும் ஜோடிக்கப் போனால் காரியம் இன்னும் கெடும். உள்ளதைச் சொல்லி, பயணத்தைச் சிறியதாக வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதுதான் செய்யக்கூடியது.

படிவம் யாருடையது?

டி.எஸ்-160 என்ற இணையப் படிவத்தைப் பெரும்பாலும் பிள்ளைதான் நிரப்புகிறது. அதில் தவறில்லை. வேலை முடிந்து வந்து, இங்கே இரவு, அங்கே காலை என்ற நேரத்தில் நிரப்பி அனுப்பிவிட்டு, "முடிந்தது அம்மா, நீங்கள் போய் நின்றால் போதும்" என்று சொல்வதுதான் தவறு. நேர்காணலில் அதிகாரியின் திரையில் இருப்பது அந்தப் படிவம். அதில் மூன்று மாதம் என்று இருக்கும். அம்மா ஆறு மாதம் என்பார். செலவை மகள் ஏற்கிறார் என்று இருக்கும். அப்பா தன் ஓய்வூதியத்தைச் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் பதில் இரண்டாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் அழைப்பில் படிவத்தை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். பிழைகளில் பாதி அப்போதே வெளியே வந்துவிடும்.

இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உதவிய பிள்ளையே அதற்கு "இல்லை" என்று குறித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. உதவி வாங்கினால் குறை என்று யாரும் சொல்லப்போவதில்லை. "ஆம்" என்று போட்டு உங்கள் பெயரைக் கொடுங்கள். கடைசியில் கையொப்பமாகச் சொடுக்க வேண்டியது மட்டும் விண்ணப்பிப்பவர்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல். அப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர் இருக்கும்; அம்மாவின் கடவுச்சீட்டில் அதே இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும்; மகனுக்கும் அப்பாவின் பெயர். சில பழைய கடவுச்சீட்டுகளில் அந்த இடமே காலியாக இருக்கும். காலியாக இருக்கிறதே என்று கணவர் பெயரைத் தானாகவே சேர்ப்பதும், ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவதும், புள்ளி வைத்துவிட்டு நகர்வதும் கூடாது. கடவுச்சீட்டில் லட்சுமி என்ற பெயர் மட்டும் இருந்தால், அது படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போகும். முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் வரும். விசாவிலும் அப்படியேதான் அச்சாகும். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அதுதான் முறை. விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று மட்டும் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியும் இதே கதை. அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் அதிகாரபூர்வமானது. உண்மையான தேதி ஐப்பசியில் இருந்தாலும், கடவுச்சீட்டில் இருப்பதையே எழுதுங்கள். அம்மாவைப் பெற்றவர்களின் பிறந்த தேதியையும் படிவம் கேட்கும். தெரியாவிட்டால் "தெரியாது" என்று குறிக்க இடம் இருக்கிறது. கற்பனையாக ஒரு தேதியைப் போட வேண்டாம். குலம் அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரா என்ற கேள்வியைப் பார்த்ததும் சாதிப் பெயரை எழுத எவருக்கும் கை நீள வேண்டியதில்லை.

அப்பாவின் படிவம் முடிந்ததும், குடும்பத்தினருக்கு இன்னொன்று உருவாக்கலாம் என்று தளமே கேட்கும். நேரம் மிச்சம்தான். ஆனால் அப்பாவின் விவரங்களில் சில அம்மாவின் படிவத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பப் பாருங்கள். திரையை அப்படியே விட்டுவிட்டு ஆதார் எண்ணைத் தேடப் போனால் சுமார் 20 நிமிடத்தில் தளம் வெளியேற்றிவிடும். ஆகவே விண்ணப்ப எண்ணை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் கண்ணாடி அணியக்கூடாது. 2016 நவம்பர் முதல் இதுதான் விதி. பழைய படத்தையே திரும்ப ஏற்றும் வேலையும் வேண்டாம், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. முன்பு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா, அமெரிக்காவில் உறவினர் இருக்கிறார்களா, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று படிவம் கேட்கும். பல ஆண்டுகளுக்கு முன் மறுத்தது அவர்களுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு அங்கே அப்படியே இருக்கிறது. குடியுரிமை பெற்ற மகன் அம்மாவுக்காக ஐ-130 என்ற குடியேற்ற மனுவைப் போட்டுவிட்டு, அதைச் சொல்லாமல் சுற்றுலா விசாவும் கேட்டால், பொய்த் தகவல் கொடுத்ததாகவே கொள்ளப்படும். 214(பி) மறுப்பு அடுத்த முறைக்குக் கதவை மூடுவதில்லை. பொய்த் தகவலுக்கான தடையோ வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது. மறைப்பதால் கிடைக்கும் லாபத்தையும் நட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய தகவலும் ஏஜெண்டுகளும்

"பாட்டிக்கு 80 வயதாகிவிட்டது, நேர்காணலே இல்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 2 முதல் போய்விட்டது. 79 வயதைத் தாண்டியவர்களும் பொதுவாக நேரில் வர வேண்டும். பழைய பி1/பி2 (வணிக, சுற்றுலா) விசா முடிந்து 12 மாதத்துக்குள் புதுப்பிப்பவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமே விலக்கு. காலாவதியாகி இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்களும் நேர்காணல் இல்லாமல் புதுப்பித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது எழுதப்பட்ட அறிவுரைகளை நம்பி இப்போது இறங்காதீர்கள். சென்னையில் தேதி கிடைக்கவில்லை, பாங்காக்கில் முயல்வோம் என்ற யோசனைக்கும் அதே 2025 செப்டம்பரிலிருந்து இடமில்லாமல் போயிற்று. குடியுரிமை உள்ள நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும்.

தேதி பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுப்பவர்களுக்கு ஒரு சேதி: 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், தானியங்கி நிரல்கள் வழியாகப் பதிவான சுமார் 2000 நேர்காணல்களை ரத்து செய்தது. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. விசா கைக்கு வருவதற்கு முன்பே, விலை குறைவாக இருக்கிறது என்று விமான டிக்கெட் எடுப்பது இந்த நட்டத்தோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது. நேர்காணல் பதிவில் கொடுத்த டி.எஸ்-160 எண்ணும், படிவத்தை அனுப்பியதும் கிடைத்து, கையில் கொண்டுபோகும் உறுதித் தாளின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் திருத்திப் புதுப் படிவம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஜன்னல் முன் இரண்டு நிமிடம்

நின்றுகொண்டே, கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரிடம், ஒலிவாங்கி வழியாகப் பேச வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்காக அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் பிள்ளைகள். சென்னையில் தாராளமாகத் தமிழில் பேசலாம். முப்பது ஆண்டு ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த அம்மா, தமிழில் கேட்டால் கம்பீரமாகப் பதில் சொல்வார். ஆங்கில ஒப்பித்தலில் கேள்வி சற்று மாறி வந்தால் அவரே தடுமாறிப் போவார்.

எத்தனை நாள், எந்த ஊர், மகன் என்ன வேலை பார்க்கிறார், நீங்கள் என்ன செய்கிறீர்கள், ஏன் இப்போது போகிறீர்கள். கேள்விகள் அநேகமாக இந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். உள்ளே கைபேசி அனுமதி இல்லை. ஊர்ப் பெயரையும் மகனின் வேலையையும் மனதில்தான் வைத்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான்" என்ற பதில் குற்றமில்லை, ஆனால் நிறுவனத்தின் பெயராவது தெரிந்திருப்பது நல்லது. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்க உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கைரேகையும் படமும் எடுக்கும் மையத்துக்கு வழக்கமாக வேறொரு நாளில் தனியாகப் போக வேண்டும் என்பதையும் திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போகிறேன் என்பது நேர்மையான காரணம். அதை மறைத்துவிட்டு நயாகராவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வைப்பது வேண்டாத வேலை. ஆனால் "மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஆறு மாதம் நான் இருப்பேன், பிறகு சம்பந்தியம்மா வருவார்" என்று சொன்னால், அது சம்பளமில்லாத ஆயா வேலை என்று அதிகாரிக்குத் தோன்ற இடமுண்டு. அதுதான் உங்கள் உண்மையான திட்டம் என்றால், வார்த்தையைத் திருத்திப் பயனில்லை; திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. அடுத்த வாரமே திரும்ப விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எதுவும் மாறாமல், அதே படிவத்தோடும் அதே பதில்களோடும் போனால், இன்னொரு 185 டாலர் போவதற்கே வாய்ப்பு அதிகம். கையில் கொடுத்த தாளில் 221(ஜி) என்று இருந்தால் அது வேறு. இன்னும் ஏதோ ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டில் அழுகுரல் எழும்பிய கதைகள் உண்டு.

விசா வந்த பிறகு

இந்தியர்களுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டு விசா கிடைக்கிறது. 10 ஆண்டும் தங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார்; வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கும். அம்மா வந்து இறங்கிய வாரத்திலேயே அதை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அதைத் தாண்டித் தங்கினால் விசா செல்லாததாகிவிடும்; மீறல் 180 நாளைக் கடந்தால் 3 ஆண்டும், ஓராண்டை எட்டினால் 10 ஆண்டும் திரும்ப நுழையத் தடை வரும். நியாயமான காரணத்தால் கூடுதலாக இருக்க வேண்டியிருந்தால், தேதி முடிவதற்கு முன்பே, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 மனு போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்தை விளிம்பு வரை தங்கிவிட்டு, ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்ப வந்து இறங்குவதும் சரியல்ல. இவர் வருகை தருகிறாரா, இங்கேயே வசிக்கிறாரா என்று அடுத்த நுழைவில் கேட்பார்கள்.

கடைசியாகக் காப்பீடு. விசாவுக்கு அது கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க மருத்துவமனையில் ஒரு இரவு தங்கினால் வரும் பில்லைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். வாங்குபவர்களும் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பாலிசி என்ன சொல்கிறது என்ற பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். தங்கும் நாளுக்கும் சற்று அதிகமாகவே மாத்திரைகளை வாங்கி, அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் எடுத்துவரச் சொல்லுங்கள்.